சிவப்புப் பென்சிலால் திருத்திய கொக்கு

கடல் ஊருக்குள் வந்து போன நான்காம் நாள் எனக்கு என் மச்சான்மேல் பொறாமை வந்தது. கடலூரில் அந்த வாரம் எந்த மனிதனுக்கும் வரக்கூடாத உணர்ச்சி அது. ஆனால் வந்தது. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

2004 டிசம்பர். நான் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்த பள்ளி அரையாண்டு விடுமுறையில் மூடிக் கிடந்தது. சுனாமி வந்த அன்றே அதைத் திறந்து, கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்தார்கள். எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில், தண்ணீர் எட்டிப் பார்க்காத தெருவில். முதல் மூன்று நாளில் நான் செய்த ஒரே காரியம், என் மனைவி மூட்டை கட்டிக் கொடுத்த பழைய புடவைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பி வந்தது. அந்த முகங்களைப் பார்க்கத் தைரியமில்லை. நான்காம் நாள் தலைமையாசிரியர் போன் செய்து, மருந்துப் பெட்டிகளை வைக்க இடமில்லை, ஓவிய அறையின் சாவி வேண்டும் என்றார். எடுத்துக்கொண்டு போனேன்.

ஆறாம் வகுப்பு அறையைத் தாண்டும்போது உள்ளே முப்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு படகு. சாக்பீஸோடு நின்றவன் என் மனைவியின் தம்பி. சிதம்பரம் பக்கத்தில் லைன்மேன். முகாம்களுக்குத் தற்காலிக விளக்குப் போட அங்கிருந்து கொண்டுவந்த ஆட்களில் அவனும் ஒருவன். வேலை முடிந்து வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறான். ஒரு பிள்ளை படகு போடச் சொல்லியிருக்கிறது.

அவன் அதுவரை படமே வரைந்ததில்லை. படகின் பக்கம் நேரே பார்ப்பதுபோல் தெரிந்தது, பலகை போட்ட உள்பக்கம் நேர்மேலே இருந்து பார்ப்பதுபோல் தெரிந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே சமயம் அப்படித் தெரியாது என்பது ஓவியத்தின் முதல் பாடம். ஆனால் ஒரு பிள்ளையும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தண்ணீருக்குள் இறங்கும் இன்ஜின் வால் இன்னும் நீளம் என்று ஒரு பெண் குழந்தை சொன்னாள். அவன் அழித்து நீட்டினான். இன்னும் என்றாள். இன்னும் நீட்டினான். அது அவள் வீட்டுப் படகு என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். வலையை எங்கே வைப்பார்கள், டீசல் கேன் எங்கே, அப்பா எங்கே நிற்பார் என்று ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல அவன் போட்டுக்கொண்டே போனான். வந்ததிலிருந்து வாயைத் திறக்காத பிள்ளை அவள் என்று தலைமையாசிரியர் என் காதருகே சொன்னார்.

அந்தப் பலகையில் நான் பதினாறு வருடம் எழுதியிருக்கிறேன். பூந்தொட்டி, மாம்பழம், மயில், தேசத் தலைவர்கள். ஒரு பிள்ளையும் என்னிடம் இன்னும் நீளம் என்று சொன்னதில்லை.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்து சாக்பீஸை நீட்டினான்.

"வாங்க மாமா. நான் என்னமோ கிறுக்கிகினு இருக்கேன். நீங்க போட்டா சரியா வரும்."

சாவி கொடுக்க வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். தாழ்வாரம் முடியும் வரை அந்தப் பிள்ளைகளின் சத்தம் பின்னாலேயே வந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, படகு அப்படி இருக்காது என்று ஆரம்பித்தேன். 

"அந்தப் புள்ளைங்களுக்குத் தெரியாதா, படகு எப்பிடி இருக்கும்னு?" என்றாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அரசுத் தேர்வில் ஓவியம் ஹையர் கிரேடு தேறியவன். சென்னைக்குப் போய்க் கலைக்கல்லூரியில் சேர வேண்டும் என்று ஒரு காலத்தில் கனவு இருந்தது. வீட்டு நிலைமை விடவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தேன். முதலில் சில வருடம் விடுமுறைகளில் வரைந்தேன். பிறகு கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தேன். பிறகு அதுவே என் ஓவியம் ஆகிவிட்டது. எதையாவது பார்த்து வரைய வேண்டும் என்ற நினைப்பே வராத ஒரு ஓவிய ஆசிரியராக நாற்பது வயதைத் தாண்டினேன். அதில் எனக்குப் பெரிய வருத்தம்கூட இருக்கவில்லை, அந்தப் படகைப் பார்க்கும் வரை.

மச்சான் என்னைவிடப் பத்து வயது சின்னவன். மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்து, கம்பம் ஏறும் வேலைக்கு வந்தவன். அண்ணாமலை நகர் ஓரம் வாடகை வீட்டில் மனைவி, மகளோடு இருந்தான். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து லைன்கள் அவன் பொறுப்பில் இருந்தன. சுனாமி முகாமில் பிடித்த சாக்பீஸை அவன் விடவேயில்லை. கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கி, கட்டிங் பிளேயர் வைக்கும் பைக்குள்ளேயே செருகிவைத்துக்கொண்டான். வேலை முடிந்து கீழே இறங்கியதும் கம்பத்தடியில் உட்கார்ந்து வரைவான். கம்பியில் உட்காரும் பனங்காடை, கரிச்சான், உப்பங்கழியில் நிற்கும் கொக்கு, நாரை.

காக்கைக் கூடு விஷயம் ஒன்று உண்டு. கம்பத்தின் உச்சியில் காக்கைகள் கம்பித் துண்டுகளை வைத்துக் கூடு கட்டினால் லைன் பழுதாகும். கூட்டைப் பிரித்து எறிய வேண்டும். இவன் எறிவதற்கு முன்னால் அதை வரைந்துகொள்வான். முட்டை இருந்தால் அன்றைக்குப் பிரிக்க மாட்டான். கூட்டை அலுங்காமல் பக்கத்து மரத்துக்கு மாற்றிப் பார்ப்பான். காக்கைகள் அவன் தலையில் கொத்தும். ஹெல்மெட்டில் அந்தக் கொத்து விழுந்த கீறல்களைப் பெருமையாகக் காட்டுவான்.

ஞாயிறு காலையில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போவான். படகுக்காரர்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். புதன்கிழமை மாலையில் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், கூட ஆளில்லாத நோயாளிகளுக்கு முகம் மழித்துவிடுவான், நகம் வெட்டிவிடுவான், ஓடாத மின்விசிறியைச் சரிசெய்துவிட்டு வருவான். இதையெல்லாம் அவன் சொல்லி எனக்குத் தெரியாது. என் மனைவி சொல்லித் தெரியும். அவள் சொல்லாத நாள் கிடையாது.

"இவ்வளவுக்கும் உனக்கு நேரம் எங்கே கிடைக்குது மச்சான்?" என்று ஒருமுறை கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

"இருக்கற நேரந்தான் மாமா," என்றான்.

அவன் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. என் வேலையில் லீவு ஜாஸ்தி. கோடை விடுமுறை ஒரு மாதத்துக்கு மேல். அந்த நாட்களில் நான் செய்தது பேப்பரை இரண்டு தடவை படிப்பது, டிவி பார்ப்பது, மத்தியானம் தூங்குவது. நாள் முழுக்க வெயிலில் கம்பம் ஏறி இறங்குகிறவன், சாயங்காலம் என்னைவிட உயிர்ப்போடு இருந்தான். வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவான்: இன்றைக்கு ஒரு உள்ளான் குருவி ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே சேற்றில் முப்பதடி போனது என்று. என் பெண் பிள்ளை தன் படிப்பை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்காருவாள். அவளுக்கு நான் பத்து வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுக்க முயன்று தோற்றிருந்தேன்.

2008-ல் ஒரு சனிக்கிழமை அவன் நோட்டோடு வந்தான். அண்ணாமலை நகரில் ஒரு பேராசிரியர் வீட்டில் வயர் மாற்றப் போனபோது பையிலிருந்து நோட்டு விழுந்திருக்கிறது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, இதையெல்லாம் மாணவர்கள் பார்க்க ஒரு வாரம் மாட்டிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். மச்சானுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"படிச்சவங்க பாக்கற எடம் மாமா. தப்பு இருந்தா மானம் போயிரும். நீங்க ஒரு தடவ பாத்துத் திருத்திக் குடுங்க."

நோட்டை விட்டுவிட்டுப் போனான். மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையில் அதைத் திறந்தேன்.

அந்தப் பக்கங்களைப் பற்றி நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அவை நன்றாக இருந்தன என்று சொன்னால் போதாது. ஒரு கொக்கு. கழுத்து ஒரே கோடு. அந்தக் கோடு நடுவில் ஓரிடத்தில் தயங்கிப் பிறகு கீழே இறங்கியது. ஒரு காலை இரண்டு முறை போட்டிருந்தான், வரையும்போதே கொக்கு காலை மாற்றிவிட்டது போல. எதை அழித்தான், எதை விட்டான் என்பதெல்லாம் தெரிந்தது. அடுத்த நொடி அது மீனைக் கொத்தப்போகிறது என்பதும் தெரிந்தது. எந்த விதியும் தெரியாதவன் போட்ட படம். அந்தக் குடும்பத்தில், அந்தத் தெருவில், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான். எனக்குப் பொறாமை காந்தியது.

சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

முதலில் கால்களைச் சமமாக்கினேன். கழுத்தின் தயக்கத்தை நேராக்கினேன். அலகுக்கும் தலைக்கும் அளவு குறித்தேன். சிவப்புக்கு மேல் கறுப்புப் பென்சிலால் அழுத்தி, அவன் கோடுகள் திரும்பக் கிடைக்காதபடி நிழல் போட்டேன். கொக்கு, பனங்காடை, காக்கைக் கூடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்கும் ஒரு கிழவரின் கை. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் மதிப்பெண் போட்டேன். பத்துக்கு ஐந்து. பத்துக்கு ஆறு. கிழவரின் கைக்கு நான்கு. காலையில் உட்கார்ந்தவன் வெயில் சாயும்போதுதான் எழுந்தேன். தன் தம்பிக்காக நான் இப்படி உழைக்கிறேனே என்று மனைவி இரண்டு தடவை மோர் கொண்டுவந்து வைத்தாள்.

மச்சான் வந்து பார்த்தான். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தி, பிறகு தொடர்ந்தான். கண் கலங்கியிருந்தது. வருத்தம் என்று நினைத்தேன்.

"இவ்ளோ நேரம் எனக்காக ஒக்காந்து பாத்திருக்கீங்களே மாமா," என்றான்.

அவன் என் திருத்தங்களைப் பார்த்துப் பார்த்து எல்லாப் படங்களையும் புதிய தாளில் மறுபடி வரைந்தான். அவைதான் அண்ணாமலை நகரில் மாட்டப்பட்டன. முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஒருநாள் லீவு எடுத்துப் போய் நின்றிருக்கிறான். மாணவர்கள் பார்த்துக்கொண்டே நடந்து போயிருக்கிறார்கள். பேராசிரியர் மரியாதையாகப் பேசிவிட்டு, தான் அன்றைக்குப் பார்த்த நோட்டு வேறு மாதிரி இருந்ததே என்று மட்டும் கேட்டாராம். எங்கள் மாமா திருத்திக் கொடுத்தார், அவர் மாஸ்டர் என்று இவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அதை என்னிடமும் வந்து சொன்னான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, அப்படியே இருந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குக் குழம்பு ருசியாக இருந்தது. அந்த வாரம் பள்ளியில் பிள்ளைகளிடம் கோபப்படாமல் பாடம் நடத்தினேன்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு முறை என்னிடம் பாடம் கற்க வந்தான். கட்டம் போட்டுப் பெரிதாக்குவது, கனசதுரம், உருளை, நிழல் விழும் பக்கம். சொன்ன வீட்டுப்பாடத்தைத் தவறாமல் செய்து வந்தான். அவன் கொக்குகள் மெல்ல மெல்ல என் கொக்குகள் ஆயின: அளவு சரியாக, இரண்டு காலில், எங்கேயும் போகாமல் நின்றன. ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் நோட்டு இல்லாமல் வந்தான்.

"வரலை மாமா. விட்டுட்டேன்," என்றான். நமக்கெல்லாம் அது சரிப்படாது என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

படம் நின்ற பிறகு என் பொறாமையும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவன் பிச்சாவரத்துக்குப் போவது நிற்கவில்லை, புதன்கிழமை ஆஸ்பத்திரி நிற்கவில்லை. வரையாமலே அந்தக் கழியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தான். நான் எதைப் பிடுங்கினேனோ அது போய்விட்டது. ஆனால் அவனிடம் நான் பொறாமைப்பட்டது அது மட்டுமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

2010-ல் சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டேன். என்னைச் சேர்த்தது அவன் புதன்கிழமைகளில் போகும் அதே ஆஸ்பத்திரியில். கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் வருவதைப் பார்த்தேன். சின்னப் பையில் ரேசர், நகவெட்டி, ஒரு துண்டு. ஒவ்வொரு கட்டிலாக வந்தான். யாரிடமும் அறிவுரை சொல்லவில்லை, ஆறுதல்கூடச் சொல்லவில்லை. தாடையை லேசாகத் திருப்பி, சோப்பு நுரை தடவி, தாடி மழிக்கும்போது அந்த முகத்தை மட்டும் பார்த்தான். அவன் படத்தில் இருந்த பார்வை அதுதான்.

பக்கத்துக் கட்டிலில் கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர். பார்க்க வர ஆளில்லை. மாட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நோயைவிட அந்த மாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். முன்பு ஒரு தடவை சேர்ந்திருந்தபோது மச்சான் படம் போடுவதைப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. அன்றைக்கு முகம் மழித்து முடிந்ததும், என் மாட்டை ஒரு படம் போட்டுக் கொடு தம்பி என்று கேட்டார்.

மச்சான் துண்டை மடித்தான்.

"எனக்கு அது வராதுய்யா. எங்க மாமா இருக்காரு பாருங்க, மாஸ்டரு. அவரு போட்டுக் குடுப்பாரு."

எனக்கு வராது என்று அவன் சொன்ன விதம். அதில் வருத்தம் இல்லை, குறை சொல்வது இல்லை. ஒரு மனிதன் தன் உயரம் இவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னான். அதை அவனுக்கு அளந்து சொன்னவன் நான். கால் கட்டோடு கட்டிலில் கிடந்தேன். எழுந்து எங்கேயும் போக முடியவில்லை.

அவன் நர்ஸிடம் தாள் வாங்கி வந்து கொடுத்தான். கட்டிலில் தொங்கிய கேஸ் அட்டைமேல் வைத்து ஒரு மாடு போட்டேன். கண்ணை மூடிக்கொண்டே போடக்கூடிய மாடு. பெரியவர் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மாடுதான். எம் மாடு இல்ல," என்றார்.

பிறகு அவர் சொன்னார். இடது கொம்பு உள்ளே வளைந்திருக்கும். கழுத்து ரோமம் ஓரிடத்தில் சுழித்திருக்கும். ஆள் வந்தால் முகத்தைத் திருப்பாது, கண்ணை மட்டும் திருப்பும். நான் மறுபடி போட்டேன். இல்லை என்றார். நான்காவது தாளில் கண்ணை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தியபோது அவர் கையை நீட்டினார். தாளை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் ஒன்றைப் பார்த்து, இல்லை, ஒருவர் பார்த்ததைக் கேட்டு வரைந்திருந்தேன். மச்சான் என் கட்டில் ஓரத்தில் நின்று, அசந்துபோய், ரொம்ப நல்லா இருக்குது மாமா என்றான். அவன் குரலில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கால் கூடி, வீடு திரும்பி, ஒரு வருடத்துக்கு மேல் சொல்லாமலே இருந்தேன். புதன்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் அந்த வார்டில் கேட்டவர்களுக்குக் கேட்டதை வரைந்து கொடுக்க மட்டும் ஆரம்பித்தேன். சொந்த வீட்டு வாசல், செத்துப்போன மனைவியின் மூக்குத்தி, முருங்கை மரம். செய்த பாவத்தைத் தீர்க்கப் போனேன் என்று நினைக்க வேண்டாம். அவனுக்கு அங்கே கிடைப்பது என்ன என்று பார்க்கப் போனேன். அவன் பக்கத்தில் போட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என்னை அந்தக் கதவுக்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது பொறாமைதான். நல்ல குணம் எதுவும் இல்லை.

2011 முடியும்போது 'தானே' புயல் வந்தது. மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் தெருவில் நடக்க வழியில்லை. வேம்பும் பூவரசும் குறுக்கே கிடந்தன. கம்பங்கள் தீக்குச்சி மாதிரி ஒடிந்து கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். கடலூருக்கு எங்கெங்கிருந்தோ மின்சார ஊழியர்கள் வந்தார்கள். மச்சானின் குழுவை எங்கள் பக்கம் போட்டார்கள். விடிந்ததும் எங்கள் வீட்டில் பழைய சோறு குடித்துவிட்டுக் கம்பம் நடப் போவான்.

அப்படி ஒரு காலை. மனைவி குழாயடியில் தண்ணீருக்கு நின்றிருந்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, கழிமுகத்தில் சுரபுன்னைகள் புயலைத் தாங்கி நிற்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தான். இலையெல்லாம் கருகியிருக்கிறது, ஆனால் வேர் விடவில்லை, பார்க்கணும் மாமா என்றான். வரையணும் என்று அவன் சொல்லவில்லை. அந்தச் சொல் விடுபட்டது எனக்குக் கேட்டது.

சொல்லிவிட்டேன். அந்த நோட்டில் தப்பே இல்லை, நான் திருத்தியதுதான் தப்பு, தெரிந்தே செய்தேன் என்றேன். அழிக்க முடியாதபடி கறுப்புப் பென்சிலால் அழுத்தியதையும் சொன்னேன்.

அவன் கை கிண்ணத்திலேயே நின்றது.

"எதுக்கு மாமா?"

"பொறாமை."

"எம்மேலயா?" என்றான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நான் கம்பம் ஏறுறவன் மாமா."

 அவன் மிச்சச் சோற்றைக் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்தான். 

"ரெண்டு வருசமா கழியில போயி ஒக்காருவேன். கொக்க பாத்தா கொக்கு தெரியாது. நீங்க போட்ட மார்க்குதான் தெரியும். எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சின்னு நெனச்சேன்," என்றான்.

பெல்ட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட வரவில்லை. அடுத்த தெருவில் வேலை செய்துகொண்டு, டீக்கடையில் சாப்பிட்டான். என்ன சண்டை என்று மனைவி கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். அவளிடமும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு தடவ மோர் கொண்டாந்து குடுத்தனே," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. எதிர்க் கம்பத்தில் அவன்தான் இருந்தான். ஜனங்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேன் சுற்றியதும் யாரோ கைதட்டினார்கள். அவன் இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து அக்காவிடம் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே, பின்னால் போகும் லைன் தாழ்வாகத் தொங்குகிறது, மொட்டை மாடிக்குப் போகவேண்டாம் என்று என்னிடம் சொல்லும்படி அவளிடம் சொன்னான். நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். சரி மச்சான் என்றேன். மன்னித்துவிட்டான் என்று இதற்குப் பொருள் இல்லை. பேச்சு மட்டும் திரும்ப வந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

ஓவிய வகுப்பில் மதிப்பெண் போடுவதை அந்தப் பருவத்தோடு குறைத்துக்கொண்டேன். முழுக்க விட முடியாது, பதிவேடு கேட்பார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் விழுந்துகிடந்த மரத்தடிக்குக் கூட்டிப்போய், அதைப் பார்த்துப் போடுங்கள் என்றேன். பாதிப் பேர் விளையாடினார்கள். மூன்று பேர் வரைந்தார்கள். அதில் ஒருத்தியின் தாளை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். 

அந்த ஆண்டு கோடையில் மச்சான் மறுபடி வரைய ஆரம்பித்தான். அவன் சொல்லவில்லை. பிச்சாவரத்துப் படகுக்காரர் ஒருவர், உங்க மச்சான் மறுபடி நோட்டெடுத்துக்கினு வராரு சார் என்று சொல்லித் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அது ஆறுதல்தான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதற்கு அடியில் பழைய காந்தலும் இருப்பது தெரிந்தது.

இப்போது சில ஞாயிறுகளில் இரண்டு பேரும் ஒரே படகில் போகிறோம். அவனாகத்தான் கூப்பிட்டான். படகின் முன்முனையில், அணியத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். முழங்கை அசைவது மட்டும் தெரியும். நான் நடுப்பலகையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் இறங்கும் வேர்களை வரைவேன். பெரும்பாலும் சரியாக வராது. எப்போதாவது ஒரு வேர், அது போகிற இடத்துக்கே என் பென்சிலை இழுத்துக்கொண்டு போகும். அந்த நிமிடத்தில் எனக்கு யார்மீதும் ஒன்றும் இருப்பதில்லை. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தால் அவன் முழங்கை அசைந்துகொண்டிருக்கும், நிற்காமல், என்னைவிட வேகமாக.

அந்தப் புதிய நோட்டை அவன் எனக்கு இதுவரை காட்டவில்லை. நான் கேட்டதும் இல்லை. என் பெண் பார்த்திருக்கிறாள். எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். நீங்க பாத்தா தாங்க மாட்டீங்கப்பா என்றாள்.